மோட்டரைச் சுற்றிக் கட்டிய கார்

ஜனவரி மாதத்தில், வெளியே மைனஸ் 14 பாகைக் குளிரில், சாவியைத் திருகியதும் என்னுடைய கார் இரண்டு சத்தங்கள் போடும். முதலாவது என்ஜினுடையது. முனகிக்கொண்டாவது அது எழும்பிவிடும். இரண்டாவது டாஷ்போர்டின் நடுவயிற்றிலிருந்து வருவது: எண்ணெய் கண்டு பலகாலமான கிணற்றுக் கப்பியைப்போல ஒரு கீச்சல். ஹீற்றர் விசிறியின் முதல் வேகத்தில் அது நீளமாக இழுபடும். இரண்டாவது வேகத்தில் சுருதி ஏறும். அதற்கு மேலே வைத்தால் நின்றுவிடும், அல்லது காற்றின் இரைச்சலில் அமிழ்ந்துபோகும். பத்து நிமிடம் ஓடியபின் மறுபடி முதல் வேகத்துக்கு இறக்கினாலும் சத்தமில்லை. பின்னேரம் வேலை முடிந்து வந்து காரை எடுத்தால் பல்லவியிலிருந்து தொடங்கும். மூன்று மாரி இப்படிப் போயிற்று. முதல் மாரியில் வானொலியைக் கூட்டி வைத்தேன். இரண்டாவதில் மனைவி பஸ்ஸில் போகத் தொடங்கினாள். மூன்றாவதில்தான் எனக்கு வெட்கம் வந்தது.

கார் 1989இல் செய்த வொல்வோ 240. சுவீடனின் கோத்தன்பர்க் நகரத்துச் சரக்கு. 1974இலிருந்து 1993 வரை இந்த மாதிரி வெளிவந்தது. உடன்பிறப்பான 260ஐயும் சேர்த்தால் 28 இலட்சத்துக்கு மேல். செங்கல்லுக்குச் சில்லுப் பூட்டியதுபோல ஒரு தோற்றம். நோர்வேயில் 30 வயது தாண்டிய காருக்கு முதுசத்துக்குரிய மரியாதை உண்டு. கோடையில் பழங்கார்ப் பிரியர்கள் ஏதாவதொரு புல்வெளியில் கூடுவார்கள். குரோமியம் மின்னும், மூடிகள் திறந்திருக்கும், பிள்ளைகள் கையில் ஐஸ்கிறீம் உருகும். நானும் இரண்டு தடவை போனேன். என்ஜின் இலக்கம் கேட்டார்கள், நிறம் தொழிற்சாலை நிறமா என்று கேட்டார்கள். ஹீற்றர் விசிறி எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜூலையில் அதை யார் போடப்போகிறார்கள்? பழைய கார் ஒன்றின் சீரை அறிய வேண்டுமானால் ஜனவரியில், காலை ஆறு மணிக்கு, அதன் முன் இருக்கையில் போய் உட்கார வேண்டும் என்பது என் கட்சி.

ஹீற்றர் என்றால் கால் சூடேற்றும் சுகவசதி என்று வெப்பநாட்டிலிருந்து வந்த நாங்கள் நினைத்திருந்தோம். எனக்கு அந்த நினைப்பு மாறியது வார்டோவில். நோர்வேயின் வடகிழக்குக் கோடியில், பேரன்ஸ் கடலில் இருக்கும் சிறு தீவு நகரம் அது. எண்பதுகளில் ஃபின்மார்க் கரையோர மீன் ஆலைகளுக்கு வேலைக்குப் போன தமிழர்களில் நானும் ஒருவன். கொட் மீனை வெட்டி, தோலுரித்து, முள் பார்த்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை. நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி நடுப்பகுதி தாண்டித்தான் தலைகாட்டும். ஏழு பேர் காசு போட்டு ஒரு பழைய 240 வாங்கினோம். ஓடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர், அனுமதிப்பத்திரம் உள்ளவர் ஒருவர்.

வார்டோத் தீவையும் பெருநிலத்தையும் இணைப்பது கடலுக்கு அடியால் போகும் சுரங்கப்பாதை. எண்பதுகளின் தொடக்கத்தில் அமைத்தது, நோர்வேயில் கடலடியில் போட்ட முதலாவது. மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு, கடல் மட்டத்துக்குக் கீழே 88 மீற்றர் ஆழம்வரை இறங்கும். விமான நிலையம் அக்கரையில். ஊரிலிருந்து புதிதாக வரும் பொடியன் ஒருவனை ஏற்ற ஒருநாள் புறப்பட்டோம். வெளியே உறைந்திருந்த காற்றிலிருந்து சுரங்கத்தின் ஈரக்காற்றுக்குள் கார் நுழைந்த கணத்தில் முன்கண்ணாடி முழுவதும் வெள்ளையாகிப் போனது. திரை விழுந்ததுபோல. குளிர்ந்த செம்பில் நீர் பூப்பதும் இதுவும் ஒன்றுதான்: கண்ணாடி காற்றைவிடக் குளிர்ந்திருந்தால் காற்றிலுள்ள ஈரம் அதில் வந்து படியும். வெளிப்புறத்தைத் துடைப்பான் பார்த்துக்கொள்ளும். உட்புறத்துக்கு விசிறிதான். சூடான காற்றைக் கண்ணாடியின் அடியிலிருந்து மேல்நோக்கி ஊதி, கண்ணாடியையே சூடாக்கி வைத்தால் ஈரம் படியாது. அன்றைக்கு ஓட்டியவர் விசிறியை முழு வேகத்தில் போட்டுவிட்டுக் கண்ணாடியின் அடியில் திறந்த ஒரு முழ இடைவெளிக்குள்ளால், ஸ்ரியரிங்கில் நாடியை வைத்துக் குனிந்து பார்த்தபடி ஓட்டினார். நாங்கள் பின்னாலிருந்து தேவாரம் சொல்லாத குறை. அதற்குப்பின் நான் ஹீற்றரைக் காலோடு சேர்த்து நினைத்ததில்லை. அது கண்ணுக்கான சாமான்.

அந்தக் காரின் விசிறியும் கத்தும். அப்போது அது எங்களுக்குப் பிடித்திருந்தது. சத்தம் கேட்கும்வரை விசிறி ஓடுகிறது, விசிறி ஓடும்வரை பாதை தெரியும் என்று ஒரு கணக்கு.

ஒஸ்லோவில் எங்கள் பக்கத்துக் குடியிருப்பில் ஓர் அண்ணை இருக்கிறார். கொக்குவிலில் கராஜ் வைத்திருந்தவர். ஒஸ்ரின், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் எல்லாம் அவர் கைக்குப் பழகியவை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடையாமல் போனபோது, சிறு போத்தலிலிருந்து காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு என்ஜினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவைத்த தலைமுறை. இங்கே அவர் முதியோர் இல்லமொன்றில் சமையலறை வேலை செய்து ஓய்வுபெற்றவர். ஆனால் கார் என்றால் காது இன்னும் கொக்குவிலில்தான். மார்ச் மாதம் ஒருநாள் கூட்டிக்கொண்டு வந்தேன். நீளமான திருப்புளி ஒன்றைக் கேட்டு வாங்கினார். நுனியை டாஷ்போர்டின் நடுப் பலகையில் ஊன்றி, பிடியைக் காதுக்கு முன்னாலுள்ள எலும்பில் அழுத்திக்கொண்டார்.

“போடும் பாப்பம். கூட்டும். குறையும். நிப்பாட்டும்.”

நிறுத்தினேன். விசிறி தானாகச் சுழன்று ஓயும்வரை திருப்புளியை எடுக்கவில்லை.

“உது இலை கிலை இல்லைத் தம்பி. இலை எண்டால் டக்குடக்கெண்டு கணக்காய் அடிக்கும். சில்லு முட்டினால் உரஞ்சிற சத்தம் வேகத்தோடை கூடும். உது மெதுவாய் ஓடேக்கைதான் கத்துது. புஷ் காய்ஞ்சு போச்சு. வலப்பக்கத்தது.”

“எண்ணை விட்டால் சரிவருமோ அண்ணை?”

“வரும். எங்கை விடப்போறீர்?”

அதுதான் கேள்வி. அவர் பழகிய கார்களில் இந்தச் சிக்கல் இருந்ததா என்று அறிய, பழைய மைனரின் ஹீற்றரைப் பற்றிக் கேட்டேன். 1948இல் மொறிஸ் மைனர் வெளிவந்தபோது இங்கிலாந்துக்காரனுக்கே அதில் ஹீற்றர் இல்லை. சில ஆண்டுகள் கழித்துத் தனிக்காசு கொடுத்தவர்களுக்குப் பூட்டிக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு வந்த கார்களில் அதற்கு வேலையே இல்லை. “நாங்கள் ஊரிலை என்ஜினை ஆறவைக்கத்தான் மெனக்கெட்டனாங்கள், ஆளைச் சூடாக்க இல்லை” என்றார் அண்ணை. ஃபோக்ஸ்வாகன் பீற்றில் அவருக்குத் தெரியும். அது காற்றால் குளிரும் என்ஜின். என்ஜினைக் குளிர்விக்கிற அதே பெரிய விசிறியே புகைக்குழாயின் சூட்டில் பட்ட காற்றை உள்ளே தள்ளிவிடும். என்ஜின் ஓடினால் சூடு, மெதுவாக ஓடினால் மெதுவான சூடு. தனி மோட்டர் இல்லை, ஆகவே கத்தவும் ஒன்றுமில்லை. அதை அவர் மெச்சிச் சொன்னார். பனிநாட்டில் அந்தக் காரை ஓட்டியவர்கள் அவ்வளவு மெச்சமாட்டார்கள்.

240இல் ஏற்பாடு வேறு. காரின் நட்டநடுவே, கருவிப்பலகைக்குப் பின்னால், ஒரு பெரிய பிளாஸ்ரிக் பெட்டி. அதன் மையத்தில் மோட்டர். மோட்டரின் தண்டு இருபக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துக்கொன்றாக இரண்டு விசிறிச் சில்லுகள், அணில் கூண்டு போன்றவை. முன்கண்ணாடிக்குக் கீழேயுள்ள துவாரங்களால் இழுத்த காற்று, என்ஜினின் சுடுநீர் ஓடும் சிறு றேடியேற்றரில் பட்டுச் சூடாகி, கதவுகள் திறந்து மூடுவதற்கேற்பக் கண்ணாடிக்கும் முகத்துக்கும் காலுக்கும் பிரியும். ஓட்டுபவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரே அளவு காற்று. அதற்காகத்தான் மோட்டர் நடுவில். யோசித்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாத யோசனை. மோட்டரை எட்ட வேண்டிய நாள் வரும்வரை. அன்றைக்குத் தெரியும், முதலில் மோட்டரை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிறகு அதைச் சுற்றிக் காரைக் கட்டியிருக்கிறார்கள் என்று.

ஆகவே நானும் சோம்பேறி வழியை முதலில் பார்த்தேன். பூட்டுக்கும் பிணைச்சலுக்கும் அடிக்கிற தெளிப்பெண்ணெய் டப்பாவில் நீளமான குழாயைப் பொருத்தி, காற்றுத் துவாரத்துக்குள்ளால் குறிபார்த்து அடித்தேன். மூன்று நாள் அமைதி. நாலாம் நாள் முன்னையதைவிட மோசம். காரணத்தைப் பிறகு அண்ணை சொன்னார். அந்தத் தெளிப்பெண்ணெயில் பெரும்பங்கு ஆவியாகும் கரைப்பான். புஷ்ஷுக்குள் மிஞ்சியிருந்த கொஞ்ச நல்லெண்ணத்தையும் அது கரைத்துக் கழுவிக்கொண்டு போய்விட்டது. நல்லெண்ணெய் என்று எழுத வந்தேன், கை வழுக்கி நல்லெண்ணம் என்று விழுந்துவிட்டது. திருத்தாமல் விடுகிறேன்.

இந்தப் புஷ்ஷைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியே பார்த்தால் சுண்டுவிரல் நகமளவு வெண்கல உருண்டை, நடுவே மோட்டரின் தண்டு சுழலும் துளை. வார்த்ததோ கடைந்ததோ இல்லை. செம்பும் வெள்ளீயமும், ஏறக்குறையப் பத்துக்கு ஒன்பதும் ஒன்றுமாக, தூளாக்கி அச்சில் அழுத்தி, உருகாத அளவுக்குச் சூடாக்கிப் பிணைத்தது. தூள்மணிகளுக்கு இடையே நுண்துளைகள் இருக்கும். கனவளவில் ஐந்திலொரு பங்கு வெறும் துளைதான். அதற்குள் எண்ணெயை ஏற்றி வைப்பார்கள். தண்டு சுழன்று சூடாகும்போது எண்ணெய் கசிந்து வெளியே வரும். நின்று ஆறும்போது நுண்துளைகள் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். வெளியே ஒரு கம்பளி வளையம், அதுவும் எண்ணெயில் ஊறியது, மேலதிகக் கையிருப்பு. இதனால்தான் பல பத்தாண்டுகள் ஒருவரும் ஒரு சொட்டு விடாமலே ஓடுகிறது. ஆனாலும் வயதுக்கு வயது எண்ணெய் தடிக்கும், குறையும். கடுங்குளிரில் தடித்த எண்ணெய் துளையைவிட்டு வர மறுக்கும். அப்போது தண்டு வெண்கலத்தில் நேரே உராயும்: பற்றும், வழுக்கும், பற்றும், வழுக்கும், நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை. வயலின் வில் கம்பியில் செய்வதும் இதைத்தான். வேகம் கூடினால் தண்டு எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கத் தொடங்கும், சங்கீதம் நின்றுவிடும். பத்து நிமிட உராய்வில் சூடு பிறந்து எண்ணெய் இளகினாலும் அப்படியே. என் காரின் காலைச் சங்கீதத்துக்கு இதற்குமேல் மர்மமில்லை.

ஈஸ்டர் விடுமுறை நாட்டையே அடைத்துவிடும். நிலக்கீழ் கார் தரிப்பிடத்தில் என்னிடத்துக்கு மேலே ஒரு விளக்கு நன்றாக எரியும். வியாழக்கிழமை காலை தொடங்கினேன். முதல் இடைஞ்சல்: முப்பது வருடத்துப் பிளாஸ்ரிக் குளிரில் அப்பளம். தொட்டால் நொறுங்கும். அதனால் வீட்டிலிருந்து மின்சார ஹீற்றர் ஒன்றைக் கொண்டுவந்து காருக்குள் வைத்து, காரின் ஹீற்றரைக் கழற்றுவதற்காகக் காரைச் சூடாக்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

இருக்கைகளுக்கு நடுவிலுள்ள பெட்டி, அதன் இருபக்கப் பலகைகள், வானொலி, கையுறைப் பெட்டி, முழங்காலுக்கு மேலேயுள்ள அட்டைகள், பின்னிருக்கைக்குக் காற்றுப் போகும் குழாய்கள். ஒவ்வொன்றும் அடுத்ததைப் பிடித்துக்கொண்டிருந்தது. மகள் கைத்தொலைபேசியில் படம் எடுத்தாள். திருகாணிகளை முட்டை மட்டையில் குழிக்கொரு கூட்டமாகப் போட்டு, பக்கத்தில் பென்சிலால் எழுதினாள். கண்ணாடிக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றியபோது உள்ளிருந்து ஒரு 50 ஓரே நாணயம் விழுந்தது. 2012இல் செல்லாக்காசாகிவிட்டது. அதற்கு முன் எந்த வருடத்திலோ டாஷ்போர்டின்மேல் யாரோ வைத்து, வளைவொன்றில் உருண்டு துவாரத்துக்குள் போயிருக்கும். பேர்ச் மரத்தின் செதில் விதைகள் ஒரு கைப்பிடி. தளிரிலை ஒன்று நரம்பு மட்டும் மிஞ்சிச் சல்லடையாக இருந்தது. சத்தத்துக்கு இவை ஒன்றும் காரணமில்லை. ஆனாலும் கூட்டி எடுத்தேன்.

பெட்டியின் இரு முனைகளையும் இரும்புக் கவ்விகள் பிடித்திருக்கின்றன. அவற்றைத் தட்டிவிட்டு மூடியை இழுத்தால் சில்லு தெரியும். தண்டையும் சில்லையும் சேர்த்து வெள்ளை மையால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். கழற்றின சில்லை வேறு கோணத்தில் பூட்டினால் சமநிலை குலைந்து, கீச்சல் போய் அதிர்வு வந்து சேரும். சில்லைப் பிடித்திருப்பது ஒரு சின்னக் கம்பி வில். குறட்டால் தொட்டதுதான், பறந்தது. ஒன்றேகால் மணி நேரம் தேடினேன். காந்தம் கட்டிய நூலை இருக்கைக்கு அடியில் இழுத்தபோது ஒட்டிக்கொண்டு வந்தது. இடைப்பட்ட நேரத்தில் நான் பேசிய தமிழைச் சிறுபத்திரிகையிலும் அச்சிட முடியாது.

வெள்ளிக்கிழமை மோட்டர் மேசைக்கு வந்தது. தேங்காய்ப் பாதியளவு. அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உறையின் மடிந்த காதுகளை நிமிர்த்தித் திறந்தார். தண்டில், வலப்பக்கப் புஷ் இருந்த இடத்தில், தேயிலைச் சாயத்தின் நிறத்தில் ஒரு வளையம். காய்ந்த எண்ணெயின் பிசின். தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். ஆட்டம் இல்லை. தேயவில்லை, காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மோட்டருக்குள் மின்சாரம் கடத்தும் கரித்துண்டுகள் பாதிக்கு மேல் மிச்சம். அவை உரசும் செப்புத் தகடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் கரித்தூள் அடைத்திருந்தது. அதைச் சுரண்ட இரும்பு கூடாது, செம்பில் கீறல் விழும் என்று சொல்லி, எங்கள் வீட்டு விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு ஒன்றை உருவி, நுனியைச் சீவினார். அளந்து செய்ததுபோல இருந்தது.

புஷ்ஷையும் கம்பளி வளையத்தையும் கழற்றிக் கழுவினோம். பிறகு மனைவியின் தாளிக்கும் கரண்டியில், அனுமதி கேட்காமல், டர்பைன் எண்ணெயை ஊற்றி, விரல் பொறுக்கிற சூட்டைவிடச் சற்று அதிகமாகச் சூடாக்கிப் புஷ்ஷை அதற்குள் போட்டோம். வெண்கலத்தின் மேனியெங்கும் கடுகிலும் சிறிய குமிழ்கள் எழும்பின. துளைகளிலிருந்த காற்று வெளியேறுகிறது. அரைமணி நேரம் போனது, குமிழ்கள் நின்றன. அடுப்பை அணைத்து, எண்ணெயிலேயே ஆறவிட்டோம். ஆறும்போதுதான் உள்ளே இழுக்கும்.

“பிடிச்சுதோ எண்டு பாப்பம்” என்று சொல்லிவிட்டு அண்ணை செய்தது இது. புஷ்ஷின் அடித்துளையைப் பெருவிரலால் அடைத்தார். மேல்துளை வழியே எண்ணெயை நிரப்பினார். மற்றப் பெருவிரலை மேலே வைத்து இரண்டு விரல்களாலும் இறுக நெரித்தார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, திடமான உலோகம் என்று கண் சொல்லிக்கொண்டிருந்த அந்த வெண்கலத்தின் வெளிப்புறத்தில், வெயிலில் நின்றவன் நெற்றிபோல, மணிமணியாக எண்ணெய் வேர்த்தது. அறுபது வருட அனுபவமுள்ள அவருக்கு அது அலுத்துப்போயிருக்க வேண்டும். அலுக்கவில்லை. இரண்டு தடவை துடைத்துவிட்டு இரண்டு தடவையும் மறுபடி செய்து காட்டினார்.

இந்த இடத்தில் புலம்பெயர் வாழ்வுக்கும் காய்ந்த புஷ்ஷுக்கும் முடிச்சுப் போடும்படி கை அரிக்கிறது. எங்கள் கட்டுரைகளில் பனி விழுந்தால் அது பனியாக இருப்பதில்லை. கதவு சாத்தினால் ஊர் ஞாபகம். ஒரு தடவையாவது புஷ் புஷ்ஷாக இருக்கட்டும். அதற்கு வேண்டியிருந்தது எண்ணெய்.

பூட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு முடிந்தது. முட்டை மட்டையில் மூன்று திருகாணிகள் மிஞ்சின. படங்களைப் பார்த்து இரண்டுக்கு இடம் கண்டுபிடித்தோம். மூன்றாவது எங்கள் காருடையதே இல்லை என்று அண்ணை தீர்ப்பளித்தார்.

அடுத்த மாரி வந்தது. மைனஸ் 14 வந்தது. சாவியைத் திருகி விசிறியை முதல் வேகத்தில் போட்டேன். சத்தமே இல்லை. எனக்குச் சந்தோஷம் வருவதற்கு முன் பயம் வந்தது. கையைக் கண்ணாடியின் அடியிலுள்ள துவாரத்தில் வைத்துப் பார்த்தேன். காற்று வந்துகொண்டிருந்தது. கண்ணாடியின் கீழ்விளிம்பில் பனி பிறைபோல விலகத் தொடங்கியிருந்தது. இன்றைக்கும் காரை எடுத்ததும் கை தானாக அங்கே போகிறது. மனைவி மறுபடி காரில் வருகிறாள். வானொலியைக் குறைக்கச் சொல்கிறாள்.

240 வைத்திருக்கிற வாசகர் யாராவது இருந்தால் அவருக்கு ஒரு வார்த்தை. இவ்வளவையும் கழற்றுகிற நாளில், ஓட்டுநரின் பக்கத்தில் கால்மிதிக்கு மேலே, ஹீற்றருக்குச் சுடுநீரைத் திறந்து மூடும் வால்வு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதையும் மாற்றிவிடுங்கள். அண்ணை எனக்கும் சொன்னவர். நல்லாய்த்தானே இருக்கிறது, கிடக்கட்டும் என்றேன். போன கிழமையிலிருந்து முன்கண்ணாடியின் உட்புறத்தில் துடைக்கத் துடைக்க வழுவழுப்பாக ஒரு படலம் படிகிறது. காருக்குள் இனிப்பாக ஒரு வாசம். இன்று காலை குனிந்து தடவிப் பார்த்தேன். காலடி விரிப்பு ஈரம்.